பாட்டிலை எடுக்கும் முன்னால்: மதுரை பூச்சிமருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வட்டாரத்தில் உரக்கடை, பூச்சிமருந்துக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். அழகர்கோவில் பக்கம் மாவும் அவரையும் உளுந்தும் போட்டிருக்கும் விவசாயி எழுதுகிறேன். வேளாண் அலுவலரைப் பிடிக்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். நீங்களோ இருட்டிய பிறகும் கடையில் இருக்கிறீர்கள், காசு அறுவடைக்கு அப்புறம் என்றாலும் சரி என்கிறீர்கள். அதனால் பயிருக்கு என்ன சீக்கு என்பது பெரும்பாலும் உங்கள் மேசையில்தான் முடிவாகிறது.

முடிவாகும் விதம்தான் சரியில்லை. வாடிப்போன ஒற்றை இலையை கேரிபேக்கில் போட்டு நாங்கள் நீட்டுகிறோம். பையைப் பிரிக்காமலே ரெண்டு மருந்து, கூட ஒரு டானிக் வந்துவிடுகிறது. ‘ஒரே டேங்கில் கலந்து அடிங்க’ என்கிறீர்கள். எது பூச்சிக்கு, எது பூசணத்துக்கு என்று நாங்களும் கேட்பதில்லை.

உளுந்தில் வரும் மஞ்சள் தேமலையே எடுத்துக்கொள்ளுங்கள். இது வைரஸ். வந்த செடியைக் குணமாக்கும் மருந்து எந்தக் கம்பெனியிடமும் கிடையாது. ஆனாலும் இதற்குப் பூசணக்கொல்லி விற்கிறார்கள், சத்துக்குறை என்று நுண்ணூட்டமும் விற்கிறார்கள். சத்துக்குறை மஞ்சள் வயலில் பரவலாகத் தெரியும். தேமலோ முதலில் அங்கொரு செடி இங்கொரு செடியாக, பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக வரும். செடியை லேசாகத் தட்டினால் மாவு பறப்பது போல வெள்ளை ஈ எழும்பும். நோயைப் பரப்புவது அதுதான். ஆரம்பத்திலேயே அந்தச் செடிகளைப் பிடுங்கி, மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, வெள்ளை ஈயை அடக்கினால் மற்ற செடிகள் தப்பும். அடுத்த போகத்துக்கு வம்பன் 8 மாதிரி தாங்கும் ரகம் இருக்கிறது. இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

மாவில் இன்னொரு கூத்து. இலையெல்லாம் கரி பூசியது மாதிரி இருக்கிறது என்று சொன்னதும் பூசண மருந்து கைக்கு வந்துவிடும். அந்தக் கரும்பூசணம் வளர்வது தத்துப்பூச்சியும் செதில்பூச்சியும் கழிக்கும் இனிப்புத் திரவத்தின் மேல். பூச்சியை விட்டுவிட்டுக் கருப்பை மட்டும் கழுவினால் திரும்பத் திரும்ப வரும். பூங்கொத்தை ஆட்டிப் பார்த்தால் தத்துப்பூச்சி சடசடவென்று தெறிக்கும், லென்ஸ் கூட வேண்டாம். பூச்சியை ஒடுக்கிய பிறகு, ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவிட்டு, 20 லிட்டராக்கி வெயில் நாளில் தெளித்தால் காய்ந்து செதில் செதிலாகக் கருப்போடு உதிரும். மைதா மளிகைக்கடையில் கிடைக்கும் சரக்கு என்பதாலோ என்னவோ, இதை யாரும் சொல்வதில்லை. பழ ஈக்கும் இதே கதைதான். புழு பழத்துக்குள் போன பிறகு மேலே அடித்து என்ன பயன்? மீத்தைல் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி ஆண் ஈயை இழுத்துப் பிடிக்கும். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும்.

அவரை விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. பூவையும் பிஞ்சையும் நூலால் பின்னிக்கொண்டு உள்ளே உட்காரும் காய்ப்புழுவுக்குப் பூ விடும்போதே கவனம் வேண்டும். காய்க்குள் போன பிறகு காட்டமான மருந்தாகக் கேட்கிறோம், நீங்களும் கொடுக்கிறீர்கள். அவரை ஒருமுறை அறுத்து முடிக்கும் பயிர் இல்லை, சில நாளுக்கொருமுறை பறித்துக்கொண்டே இருப்போம். இன்று அடித்து நாளை மறுநாள் பறித்தால் மருந்தும் சேர்ந்துதான் பரவை மார்க்கெட்டுக்குப் போகிறது. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறியில் அடிக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2005லேயே உத்தரவு போட்டும் ‘அதுதான் கேட்கும்’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

உங்களில் பலர் ஹைதராபாத் மேனேஜ் (தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை) நிறுவனத்தின் ஓராண்டு இடுபொருள் விற்பனையாளர் டிப்ளமோ முடித்தவர்கள். சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அதில் படித்ததை மேசையிலும் காட்டுங்கள். நாலைந்து செடியிலிருந்து இலை கேளுங்கள், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சந்தேகம் என்றால் ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கு அனுப்புங்கள். 1965இலிருந்து நமக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

மருந்து வேண்டாம் என்று சொன்னால் அன்றைய வியாபாரம் கொஞ்சம் குறையும்தான். டானிக் போனால் போகட்டும் அண்ணே. விதையும் ஒட்டுப்பொறியும் வேப்பெண்ணெயும் உங்களிடம்தானே வாங்கப்போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பற்றுநோட்டில் பெயர் உள்ள ஒரு விவசாயி