121 தோல்விகளும் இரண்டு ராத்திரிகளும்: பெனின்டெண்டிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஆண்ட்ரூ பெனின்டெண்டி அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதுகிறேன், ஆகவே நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை. படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு பேஸ்பால் பழக்கமில்லை. உங்களுக்கு மனப்பாடமான சங்கதிகளையே அங்கங்கே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024இல் நீங்கள் ஆடிய சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி என்றாலே எல்லோரும் ஒரே கணக்கைத்தான் எடுத்துவைக்கிறார்கள்: 41 வெற்றி, 121 தோல்வி. 1900க்குப் பிறகு அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை முறை தோற்றதில்லை. அதற்கு முந்தைய சாதனை 1962இல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120. மெட்ஸுக்காவது ஒரு சாக்கு இருந்தது. அது அவர்களுக்கு முதல் சீசன், மற்ற அணிகள் வேண்டாம் என்று கழித்துவிட்ட ஆட்களை வைத்து ஒப்பேற்றினார்கள். உங்கள் அணிக்கோ நூறு வயது தாண்டிவிட்டது. 2005இல் உலகத் தொடரை, அதாவது மேஜர் லீக் கோப்பையை, வென்ற அணி. 2021இல் கூட 93 ஆட்டம் ஜெயித்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. மூன்றே வருடத்தில் இந்தக் கதி.

நான் ஏன் உங்களைப் பிடித்துக்கொண்டேன் என்றால், நீங்கள் இதற்கு நேர் எதிரான கரையையும் பார்த்தவர். 2018இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 108 ஆட்டம் ஜெயித்துக் கோப்பையும் வாங்கியபோது மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டில் இடதுபுறம் நின்றவர் நீங்கள்தான். அந்த வருடம் ஹூஸ்டனுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் நான்காவது ஆட்டத்தில் நீங்கள் பிடித்த கேட்சை இன்னும் யூடியூபில் தேடிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ்டன் 8-6 என்று முன்னிலை. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட் (மூன்றானால் முடிந்தது), ரன்னுக்கு ஓடுகிறவர்கள் நிற்கும் மூன்று பேஸிலும் ஆள். ஹூஸ்டனின் பிரெக்மன் அடித்த பந்து தாழ்வாகப் பறந்து வருகிறது. முன்னால் ஓடிவந்து குப்புற விழுந்து பிடித்தீர்கள். நின்று ஒரு துள்ளில் வாங்கியிருந்தால் ஒரு ரன்னோடு போயிருக்கும். தவறியிருந்தால் மொத்த ஆட்டமும் போயிருக்கும். அந்த நேரத்தில் அப்படிப் பாய ஒரு துணிச்சல் வேண்டும்.

அப்புறம் ஐந்து வருடத்துக்கு 75 மில்லியன் டாலர் தந்து ஒயிட் சாக்ஸ் உங்களை எடுத்தது. அன்றைக்கு அந்த அணியின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் அதுதான். அவ்வளவு வாங்குகிறவர் எப்படி அடிக்க வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டால் தப்பில்லை. 2024இன் முதல் பாதியில் உங்கள் சராசரி .200ஐ, அதாவது பத்து முயற்சிக்கு இரண்டு நல்ல அடி என்பதை, தொடவே திணறியது. நான் இங்கே முலாம் பூசப் போவதில்லை.

ஆனால் அந்த சீசனில் துரதிர்ஷ்டமும் உங்களைத் தேடித்தான் வந்தது. மே 23, பால்டிமோருடன் உள்ளூர் ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் விரட்டிக்கொண்டு வந்து 8-6 வரை நெருங்கிவிட்டீர்கள். ஒரு அவுட், முதல் இரண்டு பேஸிலும் ஆள், மட்டை உங்கள் கையில். பந்து நேரே மேலே போய், இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் இறங்குகிறது. இப்படி எழும்பினால் பிடிக்கும் முன்பே பேட்டர் அவுட் என்பது விதி. சரி, ஒரு அவுட் போகட்டும், இன்னும் ஒன்று பாக்கி. ஆனால் இரண்டாவது பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த உங்கள் அணியின் ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்கப் போன பீல்டரின் வழியில் குறுக்கிட்டார் என்று சொல்லி அம்பயர் அவரையும் அவுட் ஆக்கினார். பந்து என்னவோ ஒழுங்காகப் பிடிக்கப்பட்டுவிட்டது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆட்டம் மட்டும் முடிந்துபோனது. விதிப்புத்தகத்தில் இடம் இருக்கலாம், எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

ஜூலையில் ஆரம்பித்து வரிசையாக 21 தோல்வி. ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் 5-1 என்று ஒருவழியாக ஜெயித்தீர்கள், அதில் உங்கள் ஹோம் ரன்னும் (நம் சிக்ஸர் மாதிரி) உண்டு. இரண்டு நாளில் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், பெட்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கம்தான். சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது டிலன் சீஸ் மாதிரி ஒரு பிட்சரை (பந்து எறிபவரை) சான் டியேகோவுக்குத் தள்ளிவிட்டது அவரா? அணியின் உரிமையாளர் ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃபை அனுப்ப யாராலும் முடியாது, அதனால் மேனேஜர் போனார்.

இப்போது செப்டம்பர் 24க்கு வருகிறேன். கணக்கு 120 தோல்வியில் நிற்கிறது. ஏஞ்சல்ஸ் அணியுடன் சொந்த மைதானத்தில் மூன்று ஆட்டம். அந்த 121ஐ நேரில் பார்ப்பதற்கென்றே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். "அணியை விற்றுவிடு" என்று கோஷம் வேறு. எட்டாவது இன்னிங்ஸ் வரை 0-2. அந்த சீசனில் ஏழு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த ஒரு ஆட்டத்தைக் கூட அதுவரை உங்கள் அணி ஜெயித்ததில்லை. ஐ.பி.எல்லில் 14 லீக் ஆட்டத்தில் பத்து தோற்றாலே தலையில் துண்டு போட்டுக்கொள்கிற நமக்கு, 162 ஆட்டத்தில் அப்படி ஒரு பழக்கம் ஊறிப்போன அணி எந்த மனநிலையில் மட்டையைத் தூக்கும் என்று புரிவது கஷ்டம். ஆனால் எட்டாவதில் மூன்று ரன் வந்தது. முன்னிலை தந்த அடி உங்களுடையது. சாதனையைப் பார்க்க வந்தவர்கள் இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டியதுதான் என்று ஆட்டம் முடிந்து நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்தது, அதில் ஒரு குத்தல் இருந்தது. மறுநாள் பத்தாவது இன்னிங்ஸில் 4-3, அதையும் முடித்துவைத்தது நீங்கள்தான். மூன்றாம் நாள் 7-0. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அடுத்த நாள் டெட்ராய்ட்டில் 4-1 என்று அந்த 121 வந்தே விட்டது. எதிரணி அதே ராத்திரி பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றுக் கொண்டாடியது. அதற்கப்புறம் மிச்சமிருந்த இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தீர்கள்! கடைசி ஆறில் ஐந்து வெற்றி. இந்த ரோஷத்தில் கால்வாசி ஏப்ரலில் வந்திருக்கக் கூடாதா?

இத்தனை தோற்றதற்குப் பலனாக புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் அடுத்த டிராஃப்டில் முதல் தேர்வாவது கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. பெரிய சந்தை அணிகள் அடுத்தடுத்த வருடங்களில் முதல் தேர்வுகளுக்கான குலுக்கலில் சேர முடியாது என்று ஒரு விதி. 2025இல் பத்தாவதாகத்தான் ஆள் எடுக்க முடிந்தது. அந்த சீசனில் தனியாக மின்னிய பிட்சர் கேரட் குரோஷேவையும் டிசம்பரில் உங்கள் பழைய பாஸ்டனுக்கே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் மட்டும் அங்கேயே இருந்தீர்கள். 20 ஹோம் ரன் அடித்து 2024ஐ முடித்திருந்தீர்கள், 2017இல் பாஸ்டனில் அடித்த அதே எண்ணிக்கை.

2025இல் 60 வெற்றி, 102 தோல்வி. முன்னேற்றம்தான், சிரிக்காமல் சொல்கிறேன். உங்கள் ஒப்பந்தம் 2027 வரை இருக்கிறது. அதற்குள் ஒரு வருடமாவது 162இல் பாதியான 81 வெற்றியைத் தாண்டிவிடுங்கள். பிளேஆஃப் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்தை ரொம்பத் தூரத்திலிருந்து பார்க்கும் ஒருவன்