தொடக்கப் பள்ளியில் நீச்சல் வகுப்பு: கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொடக்கக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஊர்ப் படித்துறையில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். நான்காம் வகுப்புப் பையன் ஆற்றின் ஆழமான கசத்தில் சிக்கியதையும், துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் சேலையை வீசி அவனைக் கரையேற்றியதையும் மறுபடி விவரிக்கப்போவதில்லை. அதன்பின் பள்ளியில் நடந்தது ஒன்றுதான்: பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் அனுப்ப மாட்டோம் என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார்கள். கன்னடியன் கால்வாயைத் தாண்டித்தான் அந்தப் பள்ளிக்கே போக வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வகுப்பு முதல் பள்ளியே நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் நீச்சல் குளம் இருக்கிறதே என்று பதில் வந்தது. இருக்கிறது. அந்தப் பையனின் தாய் பீடி சுற்றுகிறவர். இரண்டு பேருந்து மாறி அவனை அங்கே கூட்டிப்போய், பயிற்சி முடியும்வரை காத்திருந்து வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்த நேரத்துக்கெல்லாம் அவருக்குக் கூலி கிடையாது. ஒரு நாள் என்றால் எப்படியாவது சமாளித்துவிடுவார். நீச்சலோ ஒரு நாளில் வருவதில்லை.

எங்கள் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட மாமன்மார் இருந்தார்கள். இன்று அவர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஆறும் பழைய ஆறாக இல்லை. மணல் அள்ளிய பள்ளங்களால், முழங்கால் ஆழம் என்று நம்பி வைத்த அடுத்த எட்டில் ஆள் ஆழம் இருக்கிறது.

இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் 25 மீட்டர் நீந்தவும், நீரில் தன்னைக் காத்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் தேர்ச்சி குறைந்தவர்கள் அல்லர். தாமிரபரணி பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது என்று பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். அதில் பத்தடி கடக்கத்தான் தெரியாது. அதற்கும் ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் போட்டுத்தருகிறோம்.

கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டும். பள்ளி நேரத்திலேயே, துறையின் பேருந்தில் பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அது முடியாதென்றால், ஆற்றில் நீர் குறைந்திருக்கும் மாதங்களில் ஆழம் பார்த்த ஒரு படித்துறையில் கயிறு கட்டி, பயிற்சியாளரையும், பெண் குழந்தைகளுக்கென ஒரு பெண் பயிற்சியாளரையும் அனுப்பிவையுங்கள். வரும் கோடை விடுமுறைக்கு முன்பே இவ்வகுப்பைத் தொடங்கித்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பெற்றோர் சார்பாக