மெய்நிகராக்கக் கெர்னலில் சிபியு_ஃப்ரீக்-ஐ அணைக்காதீர்கள்: தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் வழங்கல்களில் மெய்நிகராக்கத்துக்கென்று தனிக் கெர்னல் கட்டித் தரும் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கெர்னல் (இயங்குதளத்தின் கரு) கட்டமைப்பில் ஒரே ஒரு தேர்வைப் பற்றித்தான் இந்த மடல்: சிபியு_ஃப்ரீக், அதாவது சிபியுவின் அதிர்வெண்ணை (வேகத்தை) மாற்றும் நிரலைச் சேர்க்கும் தேர்வு. மெய்நிகராக்கத்துக்கான கெர்னல் என்றதும் இதை அணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அதற்குச் சொல்லும் காரணமும் நியாயமாகவே படும். மெய்நிகர் கணினிக்குள் ஓடும் கெர்னலின் கையில் உண்மையான சிபியு இல்லை. அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதற்கு அதிகாரமும் இல்லை. பிறகு அந்த நிரல் எதற்கு? கெஸ்ட்டை, அதாவது மெய்நிகர் கணினியைப் பொறுத்தவரை எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் அதே கெர்னலைத்தான் ஜென் ஹோஸ்ட்களில் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஜென் என்ற ஹைப்பர்வைசர் உள்ள மெஷின்களில்) டோம்0 ஆகவும், அதாவது மற்ற கெஸ்ட்களை நிர்வகிக்கும் முதல் மெய்நிகர் கணினியாகவும், பூட் செய்கிறார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது.

டோம்0-வும் நேரடியாக அதிர்வெண்ணை மாற்றுவதில்லை என்பது உண்மை. வழக்கமான பிவி (மெய்நிகர் சூழலை அறிந்தே ஓடும் முறை) டோம்0 ஆக எழும்போது லினக்ஸ் தன் அதிர்வெண் அடுக்கைத் தானே முடக்கிக்கொள்கிறது. ஏசிபிஐ-சிபியுஃப்ரீக் என்ற அதிர்வெண் டிரைவர் மாட்யூலை (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும் துண்டு நிரலை) ஏற்றிப் பார்த்தால் ‘அப்படியொரு சாதனம் இல்லை’ என்று பதில் வரும். இது பிழையல்ல, வேண்டுமென்றே செய்தது. டோம்0-வுக்குத் தெரிவது தன் சொந்தச் சுமை மட்டும். பக்கத்தில் நான்கு கெஸ்ட்கள் சிபியுவைப் பிழிந்துகொண்டிருந்தாலும், தனக்கு வேலையில்லை என்பதை வைத்து மெஷினே காலி என்று முடிவு கட்டி வேகத்தைக் குறைத்துவிடும். போதாக்குறைக்கு, தன் விசிபியு (மெய்நிகர் சிபியு) இந்த நொடி எந்தக் கோரில் ஓடுகிறது என்பதும் அதற்குத் தெரியாது. எல்லாக் கோர்களையும் பார்க்கக்கூடியது ஹைப்பர்வைசர் ஒன்றே. ஆகவே வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரும் அங்கேதான் இருக்கிறது.

ஹைப்பர்வைசருக்கு ஒரு கை குறை. எந்தச் சிபியுவுக்கு எந்தெந்த வேக நிலைகள் உண்டு என்பது ஏசிபிஐ-யில் (வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் ஃபர்ம்வேர் அட்டவணைகளில்) _பிஎஸ்எஸ், _பிசிடி, _பிஎஸ்டி என்ற பொருள்களாக, ஏஎம்எல் என்ற ஏசிபிஐ மொழியில் நிரலாக எழுதப்பட்டிருக்கிறது. அதை ஓட்டிப் படிக்கும் ஏஎம்எல் இன்டர்பிரட்டர் ஜென்னில் கிடையாது. டோம்0 கெர்னலில் உண்டு. _பிஎஸ்எஸ்-இன் ஒவ்வொரு வரிசையிலும் ஆறு மதிப்புகள்: அதிர்வெண், மின்திறன், நிலை மாற எடுக்கும் நேரம், பஸ் மாஸ்டர் தாமதம், எழுத வேண்டிய கட்டுப்பாட்டு மதிப்பு, திரும்பப் படிக்கும் நிலை மதிப்பு. இவற்றைப் படித்து ஒரு ஹைப்பர்கால் (ஹைப்பர்வைசருக்கு விடும் அழைப்பு) வழியாக ஜென்னிடம் ஒப்படைப்பதுதான் ஜென்-ஏசிபிஐ-பிராசசர் மாட்யூலின் வேலை. டோம்0 ஆக ஓடும் திறன் 2011-இல் லினக்ஸ் 3.0-வில் முழுமையடைந்தது, இந்த மாட்யூல் 2012-இல் 3.4-இல்தான் சேர்ந்தது. இடைப்பட்ட பதிப்புகளில் லினக்ஸின் மூல நிரல் மரத்தில் இதற்கு வழியே இல்லை. இப்போது இருக்கிறது, ஆனால் உங்கள் தொகுப்பில் இல்லை.

ஏன் இல்லை? ஜென்_ஏசிபிஐ_பிராசசர் என்ற தேர்வு சிபியு_ஃப்ரீக்-ஐச் சார்ந்தது. பின்னதை அணைத்தால் முன்னது மெனுகான்ஃபிக்கில் (கெர்னல் தேர்வுகளைக் காட்டும் பட்டியலில்) தலைகாட்டவே செய்யாது. எச்சரிக்கை வராது, பில்ட் சுத்தமாக முடியும், டோம்0 பூட் ஆகும், கெஸ்ட்களும் எழும். ஜென் கருவிகளின் துவக்க நிரலில் இந்த மாட்யூலின் பெயர் இருந்தும் பயனில்லை, ஏற்ற அங்கே கோப்பே இல்லாதபோது.

விளைவு எப்போதும் ‘சூடாக ஓடுகிறது’ என்பதாக இருக்காது. ஃபர்ம்வேர் எந்த நிலையில் விட்டதோ சிபியு அதிலேயே நின்றுவிடும். உச்சத்தில் விட்டிருந்தால் வேலையில்லாத கோர்களும் அதிக மின்னழுத்தத்தில் நிற்கும். மின் செலவு அதிர்வெண்ணோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுவதால் இந்த இழப்பு சிறிதல்ல. கீழ்நிலையில் விட்டிருந்தால் கெஸ்ட்கள் காரணம் தெரியாமல் தவழும். மூன்றாவது ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். டர்போ (அடிப்படை வேகத்துக்கு மேல் தற்காலிகமாகச் செல்லும் வசதி) உள்ள இன்டெல் சிபியுவின் அடிப்படை வேகம் 2400 மெகாஹெர்ட்ஸ் என்றால், _பிஎஸ்எஸ்-இன் முதல் வரிசையில் பெரும்பாலும் 2401 என்றிருக்கும். அந்தக் கூடுதல் 1 டர்போவைக் கேட்பதற்கான குறி. ஃபர்ம்வேர் இரண்டாம் வரிசையில், அதாவது சரியாக 2400-இல் விட்டுவிட்டால், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் டர்போ ஒருபோதும் கிடைக்காது.

இதே மாட்யூல்தான் _சிஎஸ்டி என்ற ஏசிபிஐ பொருள் வழியாக உறக்க நிலைகளையும் ஒப்படைக்கிறது. இன்டெலில் ஜென்னின் எம்வெயிட்-ஐடில் டிரைவர் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். பழைய ஏஎம்டி சிபியுக்களில் அந்த ஆறுதலும் இல்லை.

சரிபார்க்க அதிக நேரம் ஆகாது. பூட் அடைவில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஜென்_ஏசிபிஐ_பிராசசர் என்று தேடுங்கள். ஒய் (கெர்னலுக்குள்ளேயே) அல்லது எம் (மாட்யூலாக) என்று இருக்க வேண்டும். டோம்0-வின் டிமெசெக்கில் (கெர்னல் செய்திப் பதிவில்) ஜென்_ஏசிபிஐ_பிராசசர் என்று தொடங்கும், சிபியு மின் மேலாண்மைத் தகவலை ஏற்றுவதாகச் சொல்லும் வரி வந்ததா என்று பாருங்கள். பிறகு ஜென்பிஎம் என்ற ஜென் மின் மேலாண்மைக் கருவியில் கெட்-சிபியுஃப்ரீக்-பாரா கட்டளை. கவர்னரும் அதிர்வெண் பட்டியலும் ஒவ்வொரு கோருக்கும் தெரிய வேண்டும். 16 கோர் மெஷினில் டோம்0-வுக்கு 2 விசிபியு மட்டும் கொடுத்திருந்தாலும் 16-க்கும் வர வேண்டும், ஏனென்றால் டோம்0-வுக்குத் தெரியாத கோர்களுக்கும் சேர்த்தே மாட்யூல் அட்டவணையை ஒப்படைக்கிறது. நடப்பில் எந்த நிலையில் எவ்வளவு நேரம் கழிகிறது என்றறிய அதே கருவியின் ஸ்டார்ட் கட்டளையை 10 நொடி ஓட்டினால் போதும். டோம்0-வின் பிராக் சிபியுஇன்ஃபோவில் வரும் மெகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

மாட்யூல் ஏறியும் பட்டியல் காலி என்றால் பயாஸைப் பாருங்கள். ஸ்பீட்ஸ்டெப் அல்லது கூல்’என்’கொயட் (முறையே இன்டெல், ஏஎம்டி சிபியுக்களின் வேகம் மாற்றும் வசதி) அணைந்திருந்தாலோ, வேகக் கட்டுப்பாட்டை ஃபர்ம்வேர் தானே வைத்துக்கொண்டிருந்தாலோ _பிஎஸ்எஸ் வெளியே வராது. அது உங்கள் குற்றமல்ல.

மாட்யூலே இல்லாத கெர்னலில் பயனர்கள் முதலில் முயல்வது ஜென் பூட் வரியில் சிபியுஃப்ரீக்=ஜென்:பெர்ஃபார்மன்ஸ் என்று சேர்ப்பது. அட்டவணை வந்து சேராதவரை கவர்னர் எதுவாக இருந்தும் ஒன்றும் நடக்காது. அடுத்து, பழைய வழிகாட்டிகளைப் பார்த்து சிபியுஃப்ரீக்=டோம்0-கெர்னல் என்று போடுவார்கள். அது இன்னும் மோசம்: ஹைப்பர்வைசர் பொறுப்பை டோம்0-விடம் விட்டுவிடும், டோம்0-வோ தன் அடுக்கை ஏற்கெனவே முடக்கிவிட்டிருக்கும். கேட்க நாதியில்லாமல் சிபியு நிற்கும்.

‘அதிர்வெண் மாறினால் கெஸ்ட் கடிகாரம் பிசகும்’ என்ற பழைய வாதமும் காதில் விழுகிறது. டிஎஸ்சி எண்ணி (சிபியுவின் நேர எண்ணி) அதிர்வெண்ணோடு சேர்ந்து மாறிய காலத்தில் அது நியாயமான பயம். இன்றைய சர்வர் சிபியுக்களில் அது மாறா வேகத்தில்தான் ஓடுகிறது. சிபியு கொடிகளில் கான்ஸ்டன்ட்_டிஎஸ்சி, நான்ஸ்டாப்_டிஎஸ்சி இரண்டும் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். டோம்0 ஆகப் பூட் ஆகக்கூடிய எந்தக் கெர்னலிலும் சிபியு_ஃப்ரீக், ஏசிபிஐ_பிராசசர் இரண்டையும் ஒய் என்றும், ஜென்_ஏசிபிஐ_பிராசசரை எம் என்றும் வையுங்கள். அதிர்வெண் டிரைவர்களைக் கெர்னலுக்குள்ளேயே கட்டுகிறீர்கள் என்றால் இதையும் ஒய் ஆக்குங்கள். கெர்னலின் உதவிக் குறிப்பும் அதைத்தான் சொல்கிறது. கேவிஎம் (லினக்ஸே ஹைப்பர்வைசராக இருக்கும் முறை) ஹோஸ்ட்டிலும் இதே கெர்னல் ஓடுமானால் அதிர்வெண் டிரைவர்களும் உடன் வேண்டும், ஏனென்றால் அங்கே வேகத்தை மாற்றுவது லினக்ஸேதான். கெஸ்ட்டில் இவையெல்லாம் சும்மா கிடக்கும்; வட்டில் சில கிலோபைட்டுகள் போகும், அவ்வளவே.

கட்டி முடிந்ததும் கான்ஃபிக் கோப்பில் அந்த மூன்று வரிகளும் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையைப் பில்ட்டோடு சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பில்ட் அங்கேயே தோற்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும் சோதனையை நிஜ வன்பொருளில் செய்யுங்கள். மெய்நிகர் கணினிக்குள் ஜென்னை ஏற்றிச் சோதித்தால் அங்கே பொதுவாக _பிஎஸ்எஸ்-ஏ இருக்காது. கெர்னல் சரியாக இருந்தாலும் ஜென்பிஎம் பட்டியல் காலியாகத்தான் வரும், தவறாக இருந்தாலும் அப்படியேதான் வரும். இந்தக் குறை இத்தனை வெளியீடுகளைத் தாண்டி வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதிர்வெண் தேர்வுகள் இல்லாமலே சிறிய கெர்னல் வேண்டும் என்பது உங்கள் முடிவானால், தொகுப்பின் விளக்கத்தில் ‘கெஸ்ட்டுக்கு மட்டும், டோம்0-வுக்கு ஆகாது’ என்று எழுதிவிட்டு, ஜென்_டோம்0 தேர்வையும் சேர்த்தே அணைத்துவிடுங்கள். அரைகுறையாகப் பூட் ஆவதைவிட, பூட் ஆக மறுப்பது மேல்.

இப்படிக்கு,
ஜென் ஹோஸ்ட்களைப் பராமரிப்போர் சிலர்