ஆசிரியருக்குக் கடிதம்: ஊன்றுகோலில் துள்ளிய கஞ்சர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் தொலைக்காட்சித் தொடர்களைத் தழுவி வந்த வீடியோ கேம்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தொடரின் கதையை எந்த அளவுக்கு மாற்றாமல் எடுத்துக்கொள்கிறதோ அந்த அளவுக்கே ஒரு விளையாட்டு மதிக்கத்தக்கது என்பதும், கதையை விட்டு விலகியவையெல்லாம் பெயரை விற்றுக் காசு பார்க்கும் முயற்சிகள் என்பதும் கட்டுரையாளரின் முடிவு. பெயரை விற்றுப் பிழைக்கும் விளையாட்டுகள் ஏராளம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால், அவர் எடுத்துக்காட்டாகக் காட்டிய ‘டக் டேல்ஸ்’ அவருடைய வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வாத்துகளைப் பாத்திரங்களாகக் கொண்ட டிஸ்னியின் அந்தக் கார்ட்டூன் தொடர் 1987-இல் தொடங்கி 1990 வரை 100 பகுதிகளாக வந்தது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம், ‘மெகா மேன்’ விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு, நின்டெண்டோவின் எட்டு பிட் வீடியோ கேம் கருவிக்காக 1989-இல் அதைத் தழுவி ஒரு விளையாட்டை வெளியிட்டது. பெரும் பணக்காரரும் மகா கஞ்சருமான ஸ்க்ரூஜ் மெக்டக், அவரோடு திரியும் மூன்று வாண்டுகள், விமானி லாஞ்ச்பேட், புதையல் வேட்டை என்ற ஒற்றை நோக்கம் ஆகியவற்றைத் தவிரத் தொடரிலிருந்து அது எடுத்துக்கொண்டது அதிகமில்லை. அமேசான், டிரான்சில்வேனியா, ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயமலை, நிலவு ஆகிய ஐந்து இடங்களில் எதற்கு முதலில் போவது என்பதை ஆடுபவரே முடிவு செய்துகொள்ளலாம். சுரங்கத்துக்கான சாவி டிரான்சில்வேனியாவில் இருக்கிறது என்பது போன்ற சில முடிச்சுகளைத் தவிர, கதை என்று சொல்லத்தக்க ஒன்று அதில் கிடையாது. இருந்தும் 16 லட்சம் பிரதிகளுக்கு மேல் அது விற்றது.

அந்த விளையாட்டின் உயிர் ஸ்க்ரூஜின் கைத்தடியில் இருக்கிறது. தொடரில் அது பெரும்பாலும் ஒரு முதியவரின் ஊன்றுகோல்தான். விளையாட்டிலோ, குதிக்கும்போது கீழ்ப்பொத்தானையும் அடிக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் கிழவர் அந்தத் தடியின்மேலேயே நின்று துள்ளத் தொடங்கிவிடுவார். எதிரியின் தலையில் துள்ளலாம். கால் வைத்தால் காயப்படுத்தும் முட்களின்மேலும் ஒன்றும் ஆகாமல் துள்ளிக் கடக்கலாம். பெட்டியின்மேல் துள்ளினால் அது உடைந்து உள்ளிருப்பது வெளியே வரும். எண்பது வயதுக்காரர் போலத் தோன்றும் ஒருவரை அந்தத் திரையிலேயே மிகச் சுறுசுறுப்பானவராக ஆக்கிய இந்த ஒரு கற்பனை, அவருடைய பிடிவாதத்தையும் பேராசையையும் ஒரு வசனமும் இல்லாமல் ஆடுபவரின் விரல்களுக்குப் புரியவைக்கிறது. இமயமலைக் கட்டத்தில் அந்தத் தடிக்கே ஒரு சோதனை வருகிறது. பனியின்மேல் துள்ளினால் கிழவர் அதில் புதைந்து சற்று நேரம் சிக்கிக்கொள்வார். அதுவரை நம்மைக் காத்த பழக்கமே அங்கே பகையாகிவிடும். உறைபனியைத் தவிர வேறு பனியை அறியாத எங்கள் கொடைக்கானல் பிள்ளைகளுக்குப் பனி ஆளை இழுத்துக்கொள்ளும் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கட்டம்தான் என்பேன்.

கதைக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்கிறவர்கள், அந்தக் கதையை நம் பிள்ளைகள் எப்படிப் பெற்றார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1990-களில் ‘டக் டேல்ஸ்’ தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தியில்தான் வந்தது. தென் மாவட்டங்கள் பலவற்றுக்குத் தூர்தர்ஷனைக் கொண்டுசேர்த்த கோபுரம் எங்கள் மலைமேல்தான் நிற்கிறது என்றாலும், அதன் அடியிலேயே குடியிருந்த பிள்ளைகளுக்கும் அந்த வாத்துகள் பேசியதில் பாதிகூட விளங்கியிருக்காது. அவர்கள் மனத்தில் தங்கியது தொப்பியும் தடியும், காசுக் குவியலில் நீந்தும் ஒரு கிழவரும்தான். வத்தலக்குண்டிலிருந்தோ மதுரையிலிருந்தோ யாரேனும் வாங்கிவந்த பல விளையாட்டுகள் அடங்கிய கேசட்டில் (அவை பெரும்பாலும் திருட்டுப் பிரதிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்) அதே கிழவரைக் கண்டபோது, ஐப்பசி மழையில் வீட்டுக்குள் அடைந்திருந்த அந்தப் பிள்ளைகளுக்கு மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. கதையை இறுகப் பிடித்துக்கொண்ட விளையாட்டாக இருந்திருந்தால், அது இங்கே இரண்டாம் முறையும் புரியாமல் போயிருக்கும்.

கட்டுரையாளர் விரும்பும் உண்மைத்தன்மைக்கும் ஒரு சான்று இருக்கிறது. 2013-இல் வேஃபார்வர்ட் நிறுவனம் இதே விளையாட்டைப் புதிதாக வரைந்து உருவாக்கியபோது, ஸ்க்ரூஜுக்குத் தொடரில் குரல் கொடுத்த ஆலன் யங், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையிலும் மீண்டும் வந்து பேசினார். அந்தக் குரலைக் கேட்பதே ஒரு மகிழ்ச்சி. ஆயினும், தொடரைப் போலாக்க வேண்டும் என்று இடையிடையே நுழைத்த உரையாடல் காட்சிகள், துள்ளத் துடிக்கும் விரல்களைப் பலமுறை நிறுத்திவைத்தன. இதற்கு மாறாக, 2017-இல் புதிதாக எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடர், 1989 விளையாட்டின் நிலவுக் கட்ட இசையை எடுத்து, அந்த வாண்டுகளின் தாய் அவர்களுக்குப் பாடும் தாலாட்டாக ஆக்கிக்கொண்டது. தழுவியதிடமிருந்து மூலமே கடன் வாங்கும் நிலை விலகிச் சென்ற ஒரு விளையாட்டால் வந்தது என்பதைக் கட்டுரையாளர் கருத்தில் கொண்டிருக்கலாம்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொடரின் ஈரம் அந்த வாண்டுகளிடம் இருந்தது. விளையாட்டில் அவர்கள் அங்கங்கே நின்று துப்புச் சொல்வதோடு சரி.

நம் நாட்டு உதாரணத்துக்கு வந்தால், 2008 முதல் வரும் ‘சோட்டா பீம்’ தொடரின் பெயரில் கைப்பேசிக்கு வந்தவற்றுள் நான் ஆடிப் பார்த்த ஓட்ட விளையாட்டுகளில், பீமை எடுத்துவிட்டு வேறொரு சிறுவனை வைத்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பாத்திரங்கள் அனைவரும் அசலைப் போலவே இருக்கிறார்கள்; கட்டுரையாளரின் அளவுகோலின்படி அவை தேர்ச்சி பெறும். லட்டு தின்றால் பீமுக்கு வலிமை பெருகும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை இப்போதே தின்பதா, பின்னால் வரும் ஆபத்துக்கு மிச்சம் வைப்பதா, சோர்ந்து நிற்கும் நண்பனுக்குக் கொடுப்பதா என்று ஆடும் பிள்ளையை யோசிக்கவைக்கும் ஒரு விளையாட்டு, டோலக்பூரின் கதை எதையும் சொல்லாமலேயே, அந்த ஒரு லட்டிலிருந்து கிளைத்திருக்கலாம்.

கடைசியாக ஒரு திருத்தம். 1989 விளையாட்டின் இறுதிக் கட்டம் வெசுவியஸ் எரிமலையில் நடப்பதாகக் கட்டுரையில் உள்ளது. அது 2013 பதிப்பில் சேர்க்கப்பட்டது. மூல விளையாட்டில் ஐந்து புதையல்களையும் எடுத்த பிறகு ஸ்க்ரூஜ் டிரான்சில்வேனியாவுக்கே திரும்பிச் சென்று டிராகுலா வாத்தோடு மோதுகிறார். அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.