மூன்றாம் கிணற்றின் சல்பேட் எண்ணைப் பற்றி

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னதையே இந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சுரங்கத்தின் கழிவுப் பாறைக் குவியலுக்குக் கீழ்ச்சரிவில் இருக்கும் மூன்றாம் எண் கண்காணிப்புக் கிணற்றில் சல்பேட் அளவு முந்தைய காலாண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்திருக்கிறது என்றாய். நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். நடுநிலையான ஏழை ஒட்டி மாறாமல் இருப்பதால் மாதிரி எடுத்ததில்தான் தவறு இருக்கும், அந்த எண்ணை அட்டவணையிலிருந்து நீக்கிவிடலாம் என்று உன் மேலதிகாரி கருதுவதையும் சொன்னாய். அப்போது அவசரத்தில் "நீக்காதே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஏன் என்பதை நிதானமாக எழுதத்தான் இந்தக் கடிதம்.

பி.எச். மாறவில்லை என்பதை வைத்து எவரும் நிம்மதி அடையக் கூடாது. குவியலில் உள்ள பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது கந்தக அமிலமும் இரும்பும் உண்டாகின்றன. அந்த அமிலம் நிலத்தடியில் இறங்கும் வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால், அது அமிலத்தை முறித்து பி.எச்.சை ஏழிலேயே நிறுத்தி வைக்கும். ஆனால் சல்பேட்டை அதனால் முழுமையாகப் பிடித்து வைக்க முடியாது. அது நீரோடு நகர்ந்து முதல் ஆளாகக் கிணற்றுக்கு வந்து சேரும். சுண்ணாம்பு தீர்ந்துபோன பிறகுதான் பி.எச். விழும், அதன் பின்னால் உலோகங்கள் வரும். சல்பேட் ஏறிய அன்றே விழித்துக்கொண்டால் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது, பி.எச். விழும் வரை காத்திருந்தால் மிஞ்சுவது சுத்திகரிப்புச் செலவுதான்.

நீக்காதே என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடு என்று நான் சொல்லவில்லை, கண்ணா. உன் கையில் இருக்கும் தாள்களிலேயே அதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. சல்பேட் தனியாக வராது. லிட்டருக்கு 48 மில்லிகிராம் சல்பேட் ஏறினால், அதன் மின்சுமைக்கு ஈடாக ஏறக்குறைய 20 மில்லிகிராம் கால்சியமோ 12 மில்லிகிராம் மெக்னீசியமோ ஏறியிருக்க வேண்டும். சுண்ணாம்பு கரைந்து அமிலத்தை முறித்திருந்தால் இவற்றில் ஒன்றோ இரண்டுமோ கூடியிருக்கும். நீரில் கரைந்த உப்புகள் ஏற ஏற உயரும் மின்கடத்துத்திறனும், கிணற்றருகில் நீயே குறித்தது, கூடியிருக்கும். அந்த எண் ஆய்வகத்துக்குப் போகாமல் உன் களக் குறிப்பேட்டில் பிறந்தது என்பதால் அதன் சாட்சியத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

மாறாக, கால்சியமும் மெக்னீசியமும் மின்கடத்துத்திறனும் பழைய இடத்திலேயே நின்று சல்பேட் மட்டும் தாவியிருந்தால் போத்தல்களைச் சந்தேகப்படு. அம்மோனியா சோதனைக்கான போத்தலில் மாதிரி கெடாமலிருக்கக் கந்தக அமிலம் விட்டிருப்பார்கள். மூடி மாறினாலோ, அந்த அமிலம் சில துளிகள் பக்கத்துப் போத்தலில் சிந்தினாலோ, இல்லாத சல்பேட் அங்கே உண்டாகிவிடும். அப்படி நடந்திருந்தால் ஆய்வகம் அளந்த பி.எச். நீ களத்தில் எழுதியதைவிட இறங்கியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். சல்பேட்டுக்கான மாதிரியைக் குளிரில் 28 நாள் வரை வைத்துச் சோதிக்கலாம். நீ எடுத்துப் பத்து நாள்தான் ஆகிறது என்பதால், மீதியிருக்கும் நீரில் மறுபடி சோதிக்கும்படி இன்றே ஆய்வகத்துக்கு எழுது.

நைட்ரேட்டையும் பார். வெடிமருந்தில் உள்ள அமோனியம் நைட்ரேட்டின் மிச்சம் உடைந்த பாறையில் ஒட்டிக்கொண்டு குவியலுக்கு வந்து சேர்வதால், சல்பேட்டோடு நைட்ரேட்டும் ஏறியிருந்தால் நீர் அந்தக் குவியலின் வழியாகத்தான் வந்திருக்கிறது என்று எண்ண வலுவான காரணம் கிடைக்கும். மேல்ச்சரிவில் இருக்கும் ஒப்பீட்டுக் கிணற்றில் எதுவும் அசையவில்லை என்றால் ஐயம் இன்னும் குறையும். சுரங்கக் குழியின் நீரேற்று பம்புகள் அண்மையில் நிறுத்தப்பட்டனவா என்றும் விசாரித்துக்கொள். அவை நின்றால் நிலத்தடி நீரின் போக்கே மாறக்கூடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், கடும் வெயில் நாள் ஒன்றில், இன்னும் ஆறு கிணறுகள் பாக்கி இருக்கின்றனவே என்ற பதற்றத்தில், வடிகட்டுவதையும், கரைந்த உலோகங்கள் படியாமலிருக்க நைட்ரிக் அமிலம் சேர்ப்பதையும் மாலையில் முகாமுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன். போத்தலில் பிடிக்கும்போது நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. மாலையில் எடுத்துப் பார்த்தால் அடியில் மெல்லிய காவி நிறப் படிவு. அதை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, தெளிந்த நீரில் அமிலம் விட்டு அனுப்பிவிட்டேன். ஆர்செனிக் நன்றாகக் குறைந்திருப்பதாக முடிவு வந்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். அடுத்த காலாண்டில் கிணற்றடியிலேயே வடிகட்டி அமிலம் சேர்த்தபோது பழைய அளவு அப்படியே திரும்பி வந்தது. நிலத்தடியில் கரைந்திருந்த இரும்பு காற்று பட்டதும் துருவாகப் படிந்து, ஆர்செனிக்கையும் தன்னோடு பிடித்துக்கொண்டது. அந்தப் படிவைத்தான் நான் வடிகட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தேன். மூன்று மாதம் ஓர் அறிக்கை நீர் தேறிவருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல எண் வந்ததால் என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. மூன்றாம் கிணற்றில் எண் குறைந்து வந்திருந்தால், மாதிரி கெட்டுவிட்டது என்று யாராவது சொல்லியிருப்பார்களா?

அந்தக் கிணற்றில் மறுமாதிரி எடுக்க அனுமதி கேள், கிடைக்கும் என்றே நினைக்கிறேன். பம்பை இறக்கும் முன் நீர்மட்டத்தை அள. கிணற்றின் சுவராக நிற்கும் கேசிங் குழாயின் விளிம்பில் வெட்டியிருக்கும் குறியில் நீர்மட்ட நாடாவைப் பிடித்து இறக்கு. முனை நீரைத் தொட்டு ஒலி எழுந்ததும் சற்றே தூக்கி மீண்டும் இறக்கு. இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் மட்டும் எழுது. சென்ற முறை எந்த ஆழத்தில் எந்த வேகத்தில் இறைத்தாயோ அதே ஆழம், அதே வேகம். நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகாதே. நீர்மட்டம் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் வேகத்தை இன்னும் குறை. குழாய்க்குள் தேங்கி நின்ற நீர் பாறையின் நீர் ஆகாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்த மூன்று தொடர் அளவுகளில் பி.எச். 0.1க்குள்ளும் மின்கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும் நிலைத்த பிறகே போத்தலைத் திற. இரட்டை மாதிரி ஒன்றும், தூய நீர் ஊற்றிய வெற்று மாதிரி ஒன்றும் அதே பெட்டியில் போகட்டும்.

மேலதிகாரியிடம் வாதம் செய்யாதே. அவரும் அறிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "எண்ணை அட்டவணையில் வைத்து, சரிபார்ப்பில் உள்ளது என்று அடிக்குறிப்பு எழுதுவோம்" என்று கேட்டுப் பார். நேர்மையானவருக்கு அதில் மறுப்பு இருக்காது. ஒருவேளை மறுத்தாலும், களக் குறிப்பேட்டின் எந்தப் பக்கத்தையும் திருத்தவோ கிழிக்கவோ உடன்படாதே.

மின்கடத்துத்திறனும் கால்சியமும் என்ன காட்டுகின்றன என்று இரவு எந்த நேரமானாலும் எனக்கு எழுது. விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா