நெறியாளர்களே, வாரத்திற்கு ஒரு மணி நேரம் தாருங்கள்

இளநிலை அறிவியல் மாணவர்களுக்கான ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவினருக்கும் ஆய்வக நெறியாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் எனது பயிற்சி அறிக்கை கையொப்பமாகித் திரும்பி வந்தது. 'எனது நேரடி வழிகாட்டுதலில் செய்யப்பட்ட ஆய்வு' என்ற வரிக்குக் கீழே நெறியாளரின் கையொப்பமும், மதிப்பீட்டுக் கட்டத்தில் 'மிகச் சிறப்பு' என்ற சொல்லும் இருந்தன. எட்டு வாரங்களில் அவரை நான் சந்தித்தது இரண்டே முறை: சேர்ந்த அன்று பத்து நிமிடம், கையொப்பத்துக்காகப் போன அன்று அதனினும் குறைவு. அந்த வரியைப் படித்த பிறகு இம்மடலை எழுதாமல் இருக்க என்னால் இயலவில்லை.

பயிற்சித் திட்டம் நடைமுறையில் எவ்வாறு நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நேரே கோரிக்கைக்கு வருகிறேன். ஒரு மாணவரை ஏற்றுக்கொள்ளும் நெறியாளர், வாரத்திற்கு ஒரு மணி நேரம் அம்மாணவருடன் உட்கார்ந்து, அவருடைய குறிப்பேட்டைத் திறந்து படிக்க வேண்டும். நான் கேட்பது இதுதான்.

அந்த ஒரு மணி நேரம் இல்லாததால் என்ன நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எனக்குத் தரப்பட்ட வேலை எளியது. அல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி, சேமித்து வைத்த நிலையில் எத்தனை நாள் செயல்திறன் குன்றாமல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் என்ற பொருளின் நிறமற்ற கரைசலில் இந்நொதியைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் தோன்றும். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலை ஒளிமானியில், 405 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்த மஞ்சளை அளக்கலாம்; மஞ்சள் எவ்வளவு விரைவாகக் கூடுகிறதோ, நொதியின் செயல்திறன் அவ்வளவு அதிகம். நொதி சேர்க்காத கரைசலை, அதாவது பிளாங்கை, தனியே அளந்து அந்த அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். என்னிடம் கொடுக்கப்பட்ட பழைய செய்முறைத் தாளோ, முதல் நாள் பிளாங்கின் அளவையே எல்லா நாளும் கழிக்கச் சொன்னது. புதியவளான நான் அப்படியே செய்தேன். கரைசலையும் ஒரே தடவையில் தயாரித்து, வெளிச்சம் படும் மேசைமேல் வைத்துக்கொண்டேன். அந்தப் பொருள் நொதி இல்லாமலேயே சிறுகச் சிறுகச் சிதைந்து மஞ்சளாகும் என்பதையும், அதைப் புதிதாகத் தயாரித்துக் குளிரிலும் இருளிலும் வைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் நான் கவனிக்காமலும் இல்லை. ஒன்பதாம் நாள் என் குறிப்பேட்டில், 'பிளாங்க் இலேசாக மஞ்சளாகத் தெரிகிறது, அளவும் முதல் நாளைவிடக் கூடியிருக்கிறது, ஏன்?' என்று எழுதி அந்தக் கேள்வியைச் சுற்றி வட்டமிட்டேன். பதினாறாம் நாளும் அதே கேள்வியை எழுதினேன். மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். நெறியாளரின் அறை வாசலில் நின்று, கூட்டத்தில் இருக்கிறார் என்ற பதிலோடு திரும்பினேன். பிறகு, பெரியவர்கள் கொடுத்த தாள் தவறாக இருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு அளப்பதைத் தொடர்ந்தேன். நொதியின் திறன் சற்றும் குறையவில்லை என்று என் வரைபடம் காட்டியது. எட்டாம் வார விளக்கக் கூட்டத்தில் வேறு துறைப் பேராசிரியர் ஒருவர், "பிளாங்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை புதிதாகக் கழித்தீர்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளிவந்துவிட்டது. நொதி தளர்ந்ததா இல்லையா என்பதே தெரியாதபடி, கெட்டுப்போன கரைசலின் மஞ்சள் அத்தனை அளவுகளையும் மூடிவிட்டிருந்தது.

பிழை நேர்ந்ததற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. பிழை செய்துதான் ஆய்வு பழக வேண்டும். ஒன்பதாம் நாள் பக்கத்தை ஒருவர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் மீதி வாரங்கள் பிழைத்திருக்கும் என்பதுதான் என்னை வாட்டுகிறது. இந்தப் பிழையை அறிக்கையில் நானே ஒரு முழுப் பக்கம் எழுதிச் சேர்த்தேன். 'மிகச் சிறப்பு' என்று எழுதிய கை அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

இளநிலை மாணவரால் என்ன ஆராய்ச்சி செய்துவிட முடியும் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மரபியல் அறிஞர் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வகத்தில் பழ ஈக்களை ஆராய்ந்த ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட், 1911-இல் இளநிலை மாணவர். ஒருநாள் மார்கனுடன் நடந்த உரையாடலிலிருந்து பிறந்த எண்ணத்தோடு வீட்டுக்குச் சென்று, பாட வேலையை ஒதுக்கிவிட்டு இரவின் பெரும்பகுதி விழித்திருந்து, குரோமோசோமில் மரபணுக்கள் அமைந்திருக்கும் வரிசையைக் காட்டும் முதல் மரபணு வரைபடத்தை அவர் வரைந்தார். 1913-இல் அது அவர் ஒருவர் பெயரிலேயே கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆய்வகத்தில் ஈக்களை வளர்க்கும் புட்டிகளைக் கழுவச் சேர்ந்த கால்வின் பிரிட்ஜஸ், புட்டியின் தடித்த கண்ணாடிக்கு ஊடே ஓர் ஈயின் கண் நிறம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். புட்டி கழுவுவதில் எங்களுக்கும் தயக்கமில்லை. நாங்கள் கண்டதைச் சொல்ல வரும்போது கேட்பதற்கு மார்கனைப் போல ஒருவர் அருகில் இருக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திரவத்தைத் துல்லியமாக அளந்தெடுக்கும் பிப்பெட்டைப் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு முனைவர் பட்ட ஆராய்ச்சி மாணவர். தம் ஆய்வேட்டை முடிக்க வேண்டிய நெருக்கடிக்கு நடுவே அவர் எனக்குத் தந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவருடைய பெயர் சான்றிதழில்கூட இல்லை. எத்தனை மாணவர்களைச் சேர்த்தோம் என்று ஆண்டறிக்கையில் எண்ணிக் காட்டுகிறீர்கள். அவர்களோடு எத்தனை மணி நேரம் பேசினோம் என்று எங்கும் எண்ணுவதில்லை. ஊதியமும் இல்லாமல், பட்டப்படிப்புக்குரிய மதிப்பீட்டிலும் சேராமல் எட்டு வாரம் உழைப்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே இயலும். 1969-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மக்விகார் தொடங்கிவைத்த இளநிலை ஆராய்ச்சித் திட்டத்தில், ஊதியத்துக்காகவோ பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகவோ ஆய்வு செய்ய மாணவருக்கு இன்று வழி இருக்கிறது. இங்கே அதைக் கேட்டால் ஆர்வம் போதாது என்கிறார்கள். ஆர்வம் இல்லாமலா நாங்கள் பூட்டிய அறை வாசலில் நின்றோம்?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். ஊதியத்தைப் பற்றிய முடிவு உங்கள் கையில் மட்டும் இல்லை என்பதை அறிவேன். ஆனால் வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்பது முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. அதை அடுத்த பயிற்சி அறிவிப்பிலேயே விதியாக எழுதுங்கள். அந்தச் சந்திப்பில் படித்த பக்கத்தில் நெறியாளர் நாளிட்டுக் கையொப்பமிடட்டும். அதற்கு நேரமில்லாத நெறியாளர் அந்தப் பருவத்தில் மாணவரை ஏற்காமல் இருக்கட்டும். நாங்கள் மனம் வருந்த மாட்டோம்.

என் குறிப்பேடு ஆய்வக அலமாரியில்தான் இருக்கிறது. அந்தப் பழைய செய்முறைத் தாளை அடுத்த மாணவரிடம் கொடுப்பதற்கு முன், அன்புகூர்ந்து ஒன்பதாம் நாள் பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பயிற்சி முடித்த மாணவி ஒருத்தி