ஒரு மார்க் நாவலை மறுபடி திறப்பது பற்றி

கடலூர் மாவட்ட நூலகர்களுக்கும் வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கும், வணக்கம்.

தமிழின் முதல் நாவல் எது என்று கேட்டால் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1879. ஒரு மார்க் வாங்கியதோடு சரி. பாடப்பகுதியாகப் படித்தவர்களோ ‘ஒரே புத்திமதி’ என்று மூடிவைத்துவிட்டார்கள். அதை வாசகர் வட்டத்தில் மறுபடி எடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். ஆய்வரங்கமாக எடுத்தால் இரண்டாம் வாரமே நாற்காலிகள்தான் மிஞ்சும், உரக்க வாசியுங்கள்.

முதலில் பிரதி. ஆசிரியர் 1889-இல் மறைந்ததால் பதிப்புரிமைத் தடை இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். சுருக்கிய பதிப்பு கைக்கு வந்துவிடும் அபாயம் அதனால்தான். பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்கள். நாற்பதுக்கு மேல் அதிகாரங்கள் இருக்க வேண்டும். ஐயமிருந்தால், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்போடு ஒப்பிடலாம். சுருக்குபவர் கத்தி முதலில் கிளைக்கதைகள் மேல்தான் விழும். இந்தப் புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

எட்டு முதல் பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம், ஓர் அமர்வுக்கு இரண்டு அதிகாரம் போதும். வாக்கியங்கள் எச்சத்தின் மேல் எச்சமாக நீளும். கண்ணால் படித்தால் களைப்பு, வாயால் படித்தால் கதாகாலட்சேபம். வாசிப்பவர் முந்தைய நாளே நகலில் மூச்சு விடும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். குறிக்காமல் வந்தால் பாதி வாக்கியத்தில் எழுவாய் தொலைந்துபோகும். வடசொல்லுக்கெல்லாம் நின்று பொருள் சொல்ல வேண்டாம். கதை ஓட்டத்தில் பெரும்பாலானவை விளங்கிவிடும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடத்தும் ஆசை வரும். வேண்டாம், அலைச்சத்தத்தில் குரல் எடுபடாது.

எங்கே தொடங்குவது? முதல் அதிகாரத்திலேயே. செல்வர் வீட்டுப் பிள்ளை செய்யும் தப்புக்கு உபாத்தியாயர் மகன் அடிபடும் பகுதி வரட்டும், சிரிப்பு தானாக வரும். நாவலை வெறுத்த வகுப்பறையையே நாவல் கேலி செய்கிறது! பிரசங்கம் நீளும் இடங்களைத் தயங்காமல் தாண்டலாம். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவே எழுதியதாக ஆசிரியரே முன்னுரையில் சொல்கிறார். முன்மாதிரி ஒன்றும் இல்லாத நேரத்தில் கதை, விகடம், நீதி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறார். இன்றைய நாவலின் கச்சிதத்தை அதில் தேடுபவர் ஏமாறுவார்.

இரண்டு இடங்களை மட்டும் தாண்டாதீர்கள். ஒன்று, கதாநாயகனின் மனைவி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் விக்கிரமபுரியை ஆளும் பகுதி. கதாநாயகனைவிட அவள் கெட்டிக்காரி என்பதை ஆசிரியர் மறைக்கவே இல்லை. மற்றொன்று, தமிழர் நடுவே தமிழர் வழக்கை ஆங்கிலத்தில் வாதாடும் வக்கீல்களைக் கிண்டல் செய்யும் இடம். எழுதியவர் முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், உள்ளிருந்தே குத்துகிறார். வட்டத்தில் வழக்கறிஞர் யாராவது இருந்தால் அதை வாசிக்கும் பொறுப்பை அவருக்கே கொடுங்கள்.

முடிவில் ‘பாத்திரப் படைப்பை விளக்குக’ என்ற தொனியில் கேள்வி வேண்டாம்; மறுபடி பரீட்சை வாடை வந்துவிடும். எந்தக் கிளைக்கதையை வீட்டில் போய்ச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். முதல் அமர்வுக்கு இரண்டு பிரதிகளும் ஒரு நல்ல குரலும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
கடலூர் வாசகர்கள் சிலர்